உமி மூட்டைகள்

முதற்குவியல் கார்த்திகையில் செத்தது.
கிளறினேன்: கூழ்முட்டை நாற்றம்,
நடுவில் முத்தையன்கட்டுக் குளத்தின் குளிர்.
சாணத்தையும் வாய்க்காலில் வாரிய சல்வீனியாவையும்
அப்படியே கொட்டி
மழையைக் குடிக்க விட்டிருந்தேன்.
"மூச்சுமுட்டிச் செத்திருக்கு" என்றார்
விவசாயப் போதனாசிரியர்,
மோட்டார் சைக்கிளை நிற்பாட்டாமலே.

இரண்டாவதை மார்கழி இரண்டாம் திகதி தொடங்கினேன்.
அடியில் காட்டுத்தடி, குறுக்கும் நெடுக்குமாய்,
காற்று கீழிருந்து ஏற.
மேலே ஒரு முழம் வைக்கோல்.
அதன்மேல் கிளிசரிடியா, தண்டு நசுக்கி.
சாணம் கரைத்த தண்ணீர்.
பழைய எருவில் ஒரு கடகம், பாலுக்கு உறை குத்துவதுபோல.
மறுபடி வைக்கோல்.
கையில் அள்ளிப் பிழிந்தால் இரண்டு சொட்டு விழவேண்டும்,
மூன்றாவது விழுந்தால் ஈரம் கூட.
நெஞ்சளவு வந்ததும் நிறுத்தினேன்.
என் நெஞ்சளவு.
நேசரூபனின் நெஞ்சளவென்றால்
எட்டிக் கிளற எனக்கு ஏலாது,
அவன் கட்டாரிலிருந்து வருவதற்குள்
இது மண்ணாகிவிடும்.

மூன்றாம் நாள் இரும்புக்கம்பியைச் செருகி
நூறு எண்ணி இழுத்தேன்.
பிடிக்க முடியவில்லை.
ஆசை விடவில்லை,
மகளுக்குக் காய்ச்சல் பார்க்கிற வெப்பமானியைச் செருகினேன்.
நாற்பத்திரண்டு வரை ஏறியது,
பிறகு எண் காட்ட மறுத்தது.
மறுத்தபடியே இன்றுவரை அலுமாரியில் கிடக்கிறது.

காய்ச்சல் இறங்கினால் நான் அழக்கூடிய
ஒரே நோயாளி.

அன்றிரவு வாடை பிடித்தது.
விடியக் கம்பி வெதுவெதுப்பு.
குளிர் எல்லா ஓரத்திலும்
ஒரு சாண் உள்ளே வந்திருந்தது.

போர்த்தவேண்டும். எதால்?
உரத்தடை வருடத்தில் சுருட்டி வைத்த
யூரியாப் பைகள் முப்பத்தெட்டு.
மில்லில் உமி சும்மா,
லாண்ட்மாஸ்டர் கூலிதான் ஆயிரத்து இருநூறு.
நிரப்பி, வாய் மடித்து, சாக்கூசியால் தைத்து
நாலு பக்கமும் அடுக்கினேன்,
கீழ் இரண்டும் சந்திக்கிற இடத்தில்
மேலதன் வயிறு வருமாறு,
காலால் மிதித்து இறுக்கி.
யாரும் சொல்லித்தராமல் தானாய் வந்தது
என்று எழுதினால் அது பொய்.
பதினாறு வயதில் இந்தக் கைகள் பழகியது.
அப்போது மணல்.
உமிக்குப் பாரமே இல்லை.

மேலே கிடுகு, கிடுகின்மேல் தறப்பாள்,
நடுவில் ஒரு தடியை நட்டு
ஆவி போக இடம் விட்டேன்.

தவயோகம் அண்ணர் வேலியோரம் நின்றார்,
ஒரு கால் பெடலில், ஒரு கால் தரையில்.
நெடுநேரம் பார்த்தார்.
"வாசல் எந்தப் பக்கம்?"

"வாசல் இல்லை அண்ணை.
ஒருத்தரும் உள்ளுக்குப் போகத் தேவையில்லை."

சைக்கிளை மதகில் சாத்திவிட்டு வந்தார்.
கிழக்கு மூலையில் சரிந்த மூட்டையைத் தூக்கி,
திருப்பி, தைத்த வாய் உட்பக்கம் இருக்க வைத்தார்.
"வாய் வெளியில இருந்தா எலி அறுக்கும்."
எலியைப் பற்றி மட்டும்தான் கதைத்தார்.

இப்போது விடியலில் தடியைச் சுற்றி ஆவி எழும்புகிறது.
பெயர் வைக்காத நாயொன்று
மேற்குப்பக்க மூட்டையில் முதுகை ஒட்டிப் படுக்கிறது.
காயாத பள்ளிக்கூடச் சட்டையைத்
தறப்பாளில் விரிக்கிறாள் மகள்.
சாணம் மணக்கும் என்றேன்.
மணக்கட்டும், காயுது என்றாள்.

ஞாயிறு கிளற வேண்டும்,
வெளியே இருந்ததை உள்ளே,
உள்ளே வெந்ததை வெளியே.
முப்பத்தெட்டையும் இறக்கித் திரும்ப ஏற்றவேண்டும்.
தவயோகம் அண்ணர் வருகிறேன் என்றிருக்கிறார்,
மண்வெட்டி வேண்டாமாம், முள்ளுத்தானாம்.
கையுறை இல்லை அண்ணை, உள்ளே சுடும் என்றேன்.

"இந்தச் சூடு
சுடட்டும்" என்றார்.